மழை பெய்யட்டும்: ஆசை சொல்லும் வினைகளை ரசிப்பது எப்படி?

ஸ்பானிய மொழியில் 'நீ வந்தது மகிழ்ச்சி' என்று நடந்து முடிந்த செய்தியைச் சொன்னாலும், மகிழ்ச்சி என்ற உணர்ச்சி முன்னே நிற்பதால், வருதலைக் குறிக்கும் வினை தன் வழக்கமான வடிவை விட்டு, உள்ளத்தின் நிலையைக் காட்டும் தனி வடிவை ஏற்கிறது. தமிழ் அவ்வாறு செய்வதில்லை. நடந்ததை 'வந்தது' என்று தொழிற்பெயராக்கி, அதாவது வினையைப் பெயர்போல நிறுத்தி, அப்படியே விட்டுவிடுகிறது. நடவாததை விரும்பும்போதுதான் அது வினையின் ஈற்றை மாற்றுகிறது.

அத்தகைய ஈறுகளுள் இலக்கணத்தார் பெயரிட்டு வைத்தது வியங்கோள். வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் ஆகிய பொருள்களில் 'வாழ்க', 'ஒழிக' என வருவது. தன்மையிலும் முன்னிலையிலும் அது நிலைபெறாது என்று தொல்காப்பியம் கருத, 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் மூவிடத்துக்கும் அதைப் பொதுவாக்கியது.

பேச்சில் ஆசை சொல்லும் வினைகளின் சுவையை அறிய, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் மழைப்பேச்சே போதும். இரணைமடு போன்ற குளங்களை நம்பியும், குளநீர் எட்டாத இடங்களில் வானத்தையே நம்பியும் காலபோகம் என்னும் பெரும்போக நெல்லை விதைக்கும் கமக்காரர் 'மழை பெய்யும்' என்றால் அது வெறும் கணிப்பு. 'பெய்ய வேணும்' என்றால் விதைத்தாயிற்று, நிலம் காய்கிறது என்று பொருள். 'பெய்யட்டும்' என்பதில் பொறுப்பை அம்மாளாச்சி என்னும் அம்மனிடம் ஒப்படைத்துவிட்ட ஆறுதலும், 'பெய்யாதோ' என்னும் எதிர்மறை வினாவில் ஏக்கமும் ஒலிக்க, 'பெய்திருக்கலாமே' என்பதோ பயிர் கருகிய பின் வரும் ஆற்றாமையாகிறது. பள்ளி இலக்கணம் 'வாழ்க'வோடு நின்றுவிடுவதால் இந்த நுட்பம் மாணவருக்குப் புலப்படாமற்போவது வருந்தத்தக்கது.

வைதலுக்கும் எப்போதும் வியங்கோள் வேண்டியதில்லை. 'கட்டையிலை போவான்' (சிதையில் போவான்) என்பது வடிவில் எதிர்கால வினை, பொருளில் சாபம்; குறும்புப் பேரனைப் பார்த்துப் பேத்தியார் சொல்லும்போது சாபமுமன்று, கொஞ்சல். இரண்டையும் குரலைக் கொண்டே பிரித்தறிய முடியும்.

வியங்கோளின் ஏட்டு வடிவம் இன்றும் குரலில் வாழும் இடம் கோயில். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராண வாழ்த்து, ஈழத்துச் சைவக் கோயில்களில் பூசை நிறைவில் ஓதப்படும்போது, அதன் ஏழு வினைகளின் ஈறுகளை மட்டும் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள்: அரசனின் நல்லாட்சிக்கு முன்பாகவே அங்கும் மழைதான் வேண்டப்படுகிறது.