ஜனவரியில் மறக்கப்பட்ட பாடல்கள்

பிரெண்டா லீ என்னும் பாடகி தம் 13ஆம் வயதில், 1958இல் பதிவு செய்த ‘ராக்கின் அரவுண்ட் தி கிறிஸ்மஸ் ட்ரீ’ என்ற பாடல், 65 ஆண்டுகள் கழித்து 2023 டிசம்பரில் அமெரிக்கப் பில்போர்டு தரவரிசையின் முதலிடத்தை எட்டியது. மகிழத்தக்க செய்திதான். ஆயினும் அன்றும் இன்றும் அனைவரும் அறிந்த ஒரு பாடலுக்கே இம்மகுடம் கிடைத்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அக்காலத்துக் கடை அடுக்குகளில் இத்தகைய பாடல்களின் பக்கத்தில் நின்ற மற்ற இசைத்தட்டுகள் என்னவாயின? சிறப்பாக, கன்ட்ரி இசைக் கலைஞர்களுள் பெயர் பெறாதோர் பாடிய கிறிஸ்மஸ் தட்டுகளைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

கன்ட்ரி என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழை வெள்ளை உழவர்களிடையே, கறுப்பின மக்களின் இசையோடும் கலந்து வளர்ந்து, 1920களில் இசைத்தட்டு வணிகத்துக்குள் நுழைந்த பாட்டு மரபு. பிடிலும் கிட்டாரும் மாண்டலினும் அதன் கருவிகள். ஊரை விட்டு வந்தவனின் ஏக்கம், வேலையின்மை, குடி, தாயின் நினைவு ஆகியவை அதன் பாடுபொருள்கள். இம்மரபு கிறிஸ்மஸைத் தொடும்போது, பனியும் மணியோசையும் நிறைந்த வாழ்த்து அட்டைக்கு வெளியே நிற்பவனின் குரல் நமக்குக் கேட்கிறது. அக்குரலுக்காகவே இத்தட்டுகளைத் தேடிக் கேட்கத் தகும் என்பது நம் கருத்து.

கிறிஸ்மஸ் தட்டுக்கு ஆயுள் குறைவு. நவம்பரில் கடைக்கு வரும். டிசம்பர் 25 கடந்ததும் வானொலி அதைத் தொடாது. அந்த ஐந்தாறு வாரங்களில் பெயர் பெறாத பாடலுக்கு மறுவாய்ப்பு அரிது. அடுத்த ஆண்டு அதே பாடகரின் புதிய தட்டு வந்திருக்கும், அல்லது அந்த நிறுவனமே மூடப்பட்டிருக்கும்.

‘புளூ கிறிஸ்மஸ்’ என்ற பாடலின் வரலாறு இதற்கு நல்ல சான்று. நீலம் அங்கே துயரத்தின் நிறம். 1957இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியதால் உலகம் இதனை அறியும். கன்ட்ரி இசையில் சற்றே பழக்கமுள்ளோர், 1950 ஜனவரியில் அத்துறையின் முதலிடத்தைப் பெற்ற எர்னஸ்ட் டப்பின் பதிவையும் அறிவர். ஆனால் இவ்விருவருக்கும் முன்னரே, 1948இல், டோய் ஓடெல் என்ற டெக்சஸ்காரர் இதனைப் பாடிப் பதிவு செய்தார். வெளியிட்டது எக்ஸ்குளூசிவ் என்ற சிறு நிறுவனம். லாஸ் ஏஞ்சல்ஸில் லியோன் ரெனே என்னும் கறுப்பின இசையமைப்பாளர் நடத்தியது அது. முந்தைய ஆண்டில்தான் அதே நிறுவனம் ஜானி மூர் குழுவின் ‘மெர்ரி கிறிஸ்மஸ் பேபி’ பாடலை வெளியிட்டிருந்தது. கறுப்பின மக்களின் கிறிஸ்மஸும் கௌபாய்ப் பாடகனின் கிறிஸ்மஸும் ஒரே முத்திரையின் கீழ், ஓராண்டு இடைவெளியில் வெளிவந்தன. நிறவெறி கோலோச்சிய நாட்டில் இது சிறு செய்தியன்று.

அதே 1948இல் ஓடெல் பாடிப் பெயர் பெற்ற மற்றொரு தட்டு ‘டியர் ஓக்கி’. 1930களின் புழுதிப் புயலாலும் கடனாலும் ஒக்லகோமா முதலிய மாநிலங்களிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பிழைக்க வந்தவர்களை ‘ஓக்கி’ என்று இகழ்ந்து அழைத்த காலம் அது. அம்மக்களின் பாடகர் ‘புளூ கிறிஸ்மஸ்’ பாடும்போது, அது வெறும் காதல் பிரிவாக நமக்குக் கேட்பதில்லை. உற்றாரையும் மண்ணையும் விட்டு வந்தோரின் பிரிவும் உடன் ஒலிக்கிறது. எல்விஸின் பதிவில் மில்லி கிர்காம் என்ற பாடகி பின்னணியில் எழுப்பும் உச்சக் குரல் இனிமையானதுதான். ஆனால் அது துயரத்தை விளையாட்டாக்கி விடுகிறது. எர்னஸ்ட் டப்பை நாம் குறை சொல்ல மாட்டோம். அவருடைய கரடுமுரடான குரலில் பொய் இல்லை.

‘கிறிஸ்மஸ் டைம்ஸ் எ-கமின்’ என்ற பாடலை 1951இல் பதிவு செய்தவர் பில் மன்றோ. புளூகிராஸ் இசையின் தந்தை எனப்படுபவர் அவர். அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பாடலை எழுதிய டெக்ஸ் லோகனையோ அறிந்தோர் சிலரே. டெக்சஸில் பிறந்த பிடில் கலைஞர் அவர். மின்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று, புகழ்பெற்ற பெல் ஆய்வுக்கூடத்தில் ஒலியியல் ஆராய்ந்தவர். கிறிஸ்மஸுக்கு வீடு திரும்பும் ஆவலைப் பாட்டாக்கிய இவரே, பத்தாண்டுகள் கழித்து 1961இல், மான்பிரெட் ஷ்ரோடருடன் இணைந்து எதிரொலியைச் செயற்கையாக உண்டாக்கும் முறை பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்! மன்றோவின் பதிவில் அத்தகைய நுட்பம் எதுவும் இல்லை. பிடிலும் மாண்டலினும் ஓட்டமெடுக்கின்றன. குரலோ உயர்ந்த சுருதியில் தனித்து நிற்கிறது. ஊருக்குப் போகும் மகிழ்ச்சிப் பாடலில் இவ்வளவு தனிமை எங்கிருந்து வந்தது என்று வியக்கிறோம்.

லூவின் சகோதரர்கள் 1961இல் கேப்பிடல் நிறுவனத்துக்காகப் பாடிய கிறிஸ்மஸ் தொகுப்பு இன்னும் பரவலாகக் கேட்கப்பட வேண்டியது. அலபாமாவின் சாண்ட் மவுண்டன் பகுதியில், இசைக்கருவியின்றிக் கூடிப் பாடும் ‘சேக்ரட் ஹார்ப்’ வழிபாட்டு மரபில் வளர்ந்தவர்கள் ஐராவும் சார்லியும். பாட்டின் நடுவிலேயே மேற்குரலும் கீழ்க்குரலும் இடம் மாறுவதும், எது யாருடைய குரல் என்று பிரித்தறிய இயலாதவாறு இழைவதும் அவர்தம் தனித்திறன். நூறு முறை கேட்டுச் சலித்த பழைய கரோல்கள்கூட இவர்களிடம் கூர்மை பெறுகின்றன. தேவாலயப் பாடகர் குழுவின் மெருகு இங்கில்லை. குடிலின் வைக்கோல் குத்துகிறது. அண்ணன் ஐராவின் குடியும் சினமும் ஊரறிந்தவை. 1963இல் சகோதரர்கள் பிரிந்தனர். 1965இல் சாலை விபத்தில் ஐரா மாண்டார். இவ்வளவு அமைதியான பாட்டை இவ்வளவு அமைதியற்ற மனிதர் பாடினார் என்பதை மறந்து கேட்க நம்மால் இயலவில்லை. அதே தொகுப்பில் சாண்டாவின் ஊர்வலம் பற்றிய பாடலும் உண்டு. அதனைக் கடந்து செல்வதே நலம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். அரிதாகக் கிடைப்பதெல்லாம் அருமையானதன்று. 1949இல் ஜீன் ஆட்ரியின் ‘ருடால்ஃப்’ கலைமான் பாடல் பெரும் பணம் ஈட்டியபின், குழந்தைகளைக் குறிவைத்துச் செய்யப்பட்ட வேடிக்கைப் பாடல்கள் பல. அவை மறக்கப்பட்டதில் அநீதி ஏதும் இல்லை. சேகரிப்பவர்க்கு விலை ஓர் அளவுகோலாக இருக்கலாம். திறனாய்வாளர்க்கு அது அளவுகோலாகாது. ஆயினும் எது நல்லது என்று தீர்ப்பதற்கு முதலில் தட்டு கையில் இருக்க வேண்டும். 2008இல் ஹாலிவுட் யுனிவர்சல் வளாகத்தில் நேர்ந்த தீயில் மூல ஒலிநாடாக்கள் ஏராளமாக அழிந்தன என்ற உண்மை 2019இல்தான் பரவலாக வெளிவந்தது. 1975இல் தொடங்கிய பேர் ஃபேமிலி என்னும் ஜெர்மானிய நிறுவனம் பழைய கன்ட்ரி பதிவுகளைத் திரட்டி மறுபதிப்பு செய்துவருவது இதனால் நன்றிக்குரியது. ஓர் அமெரிக்க உழவர் மரபின் குரலைப் பேண ஜெர்மனியிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது!

ஓக்கிகள் குடியேறிய கலிபோர்னிய ஊர்களுள் ஒன்று பேக்கர்ஸ்பீல்டு. அங்கு வளர்ந்த ரெட் சிம்சன், பக் ஓவன்ஸ் போன்றோர்க்குப் பாடல் எழுதியவர், சரக்குந்து ஓட்டுநர்களின் பாடகராக அறியப்பட்டவர், 2016இல் மறைந்தார். அவர் பாடிய கிறிஸ்மஸ் பாடல் ஒன்றின் பெயர் ‘டிரக்கிங் ட்ரீஸ் ஃபார் கிறிஸ்மஸ்’. பிரெண்டா லீயின் பாடலில் இளைஞர் கூட்டம் கிறிஸ்மஸ் மரத்தைச் சுற்றி ஆடுகிறது. சிம்சனின் பாடலிலோ, அந்த மரங்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுநர் இன்னும் சாலையில் இருக்கிறார்.