‘இப்ப கொள்ளாம்’ என்பது ஆதாரமா? நாய்களுக்கான ஸ்டெம் செல் சிகிச்சை பற்றி ஒரு விமர்சனம்

லாப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ வளர்ப்பவர்களுக்கு இடுப்பு மூட்டுப் பிரச்சினை புதுசில்லை. வயசானதும் படியேற யோசிக்கும். டைல்ஸ் தரையில் பின்னங்கால் வழுக்கும். இணையத்தில் தேடினால் ஸ்டெம் செல் சிகிச்சை வீடியோக்கள் வரிசையாக வரும்: முதலில் நொண்டுகிற நாய், அடுத்து ஓடுகிற நாய். சிகிச்சையே மோசடி என்று நான் சொல்லவரவில்லை. பலனை அளக்கிற விதத்தில்தான் எனக்குச் சிக்கல்.

செய்முறை இதுதான். நாயின் உடம்பிலிருந்து கொஞ்சம் கொழுப்பை எடுத்து, நொதி சேர்த்து, செல்களைப் பிரித்து, மூட்டுக்குள் ஊசியாகப் போடுவார்கள். அந்த செல்கள் புதுக் குருத்தெலும்பாக வளர்ந்து தேய்ந்த இடத்தை நிரப்பும் என்றுதான் நாம நினைப்போம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அவை சுரக்கும் பொருட்கள் அழற்சியைத் தணிக்கின்றன, அதனால் வலி குறைகிறது என்பதே இன்றைய புரிதல். 1991-ல் இவற்றுக்கு ‘மீசன்கைமல் ஸ்டெம் செல்’ என்று பெயர் வைத்த ஆர்னால்ட் கேப்லனே, பெயரை மாத்துங்கப்பா என்று 2017-ல் கட்டுரை எழுதினார். ‘ஸ்டெம் செல்’ என்ற சொல் மக்களிடம் தப்பான எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது என்பது அவருடைய வாதம்.

சரி, வலி குறைகிறதா? 2016-ல் வந்த ஒரு ஆய்வைப் பார்ப்போம். மூட்டுத் தேய்மானம் உள்ள 74 நாய்கள். சிலவற்றுக்கு வேறு நாய்களிடமிருந்து எடுத்த செல்கள், மற்றவற்றுக்கு செல் இல்லாத ஊசி. எந்த நாய்க்கு எது என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது, மதிப்பிடும் டாக்டருக்கும் தெரியாது. செல் போட்ட நாய்களில் 79 சதவீதம் தேறியதாக வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். விளம்பரத்துக்கு இந்த எண் போதும். ஆனா நாம பார்க்க வேண்டியது இன்னொரு எண். செல் இல்லாத ஊசி போட்ட நாய்களிலும் 55 சதவீதம் ‘தேறியது’.

கணக்குப் போட்டுப் பாருங்க. வித்தியாசம் 24. அதாவது ஏறக்குறைய நாலு நாய்க்கு ஊசி போட்டால் ஒரு நாய்க்குத்தான் செல்லால் கூடுதல் பலன். ‘என் நாய்க்குக் குணமாச்சு’ என்று சொல்லும் பத்துப் பேரில் ஏழு பேர், வெறும் ஊசி போட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஆய்வின் முதல் ஆசிரியர் ராபர்ட் ஹார்மன், இந்தச் சிகிச்சையை விற்கும் வெட்-ஸ்டெம் நிறுவனத்தின் நிறுவனர் என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்கணும். அதே சமயம், வெறும் ஊசியோடு ஒப்பிட்டு அந்த 55-ஐ வெளியே சொன்னதும் இந்த ஆய்வுதான். வீடியோக்களில் அந்த நேர்மை இல்லை.

மனுஷனுக்கு மருந்து கொடுத்தால் அவனே பதில் சொல்வான். நாய்க்காக நாம சொல்கிறோம். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் நம்மூர்ல “இப்ப கொள்ளாம்” என்போம். பணம் செலவழித்தவர், பாசமாக வளர்த்தவர் வேறென்ன சொல்வார்? 2012-ல் கான்செமியஸும் எவன்ஸும் வெளியிட்ட ஆய்வில், வெறும் மருந்து வாங்கிய 58 நாய்கள் காலை ஊன்றும் விசையைக் கருவி வைத்து அளந்தார்கள். கருவியில் முன்னேற்றம் தெரியாதபோதும் சுமார் 40 சதவீத நேரம் வீட்டுக்காரர்கள் தேறியதாகச் சொன்னார்கள். கால்நடை மருத்துவர்களும் இதற்கு விலக்கில்லை. அவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏமாந்தார்கள். இன்னொண்ணு, மூட்டுவலி தானாகவே ஏறி இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம சிகிச்சை தேடி ஓடுவோம். அதுக்குப் பிறகு இறங்கினால் பேர் ஊசிக்குப் போகும்.

முதுகுத்தண்டு அடிபட்ட நாய்களிலும் இதே கதைதான். பரேலி பக்கத்து இஸ்ஸத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டெம் செல்லை இதற்கும் முயன்றிருக்கிறார்கள். ஆனால் காலில் உணர்ச்சி மிச்சமிருக்கும் பல நாய்கள் எப்படியும் எழுந்து நடக்கும். அதனால் ஒப்பீடு இல்லாத ‘நடந்துவிட்டது’ எதையும் நிரூபிக்காது. 2012-ல் கேம்பிரிட்ஜ் குழு இதைச் சரியாகக் கையாண்டது. அடிபட்டு ஒரு வருஷம் கடந்தும் தேறாத 34 நாய்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றுக்கு மூக்கிலிருந்து எடுத்து வளர்த்த அதனதன் செல்களை முதுகுத்தண்டில் செலுத்தினார்கள். (கறாராகச் சொன்னால் இவை ஸ்டெம் செல்கள் அல்ல.) முன்னங்கால்–பின்னங்கால் ஒத்திசைவு மேம்பட்டது. சிறுநீர்க் கட்டுப்பாடு போன்றவை பொதுவாகத் திரும்பவில்லை என்பதையும் அவர்களே எழுதினார்கள். இப்படி எழுதினால்தான் நம்பலாம்.

துறை நகராமலும் இல்லை. குதிரையின் தொப்புள்கொடி செல்களைக் கொண்டு நாய்களின் மூட்டுக்காகச் செய்த ‘டாக்ஸ்டெம்’ மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் அனுமதி கொடுத்தது. நம் நாட்டில் ஐசிஎம்ஆர், மனிதர்களுக்கான ஸ்டெம் செல் வழிகாட்டுதலை 2013-ல் திருத்தியபோது தலைப்பிலிருந்த ‘சிகிச்சை’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு ‘ஆராய்ச்சி’யை மட்டும் விட்டுவைத்தது. நாய்க்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும் என்பது என் கருத்து.

இதில் வேடிக்கை என்னன்னா, மூட்டுக்கு உருப்படியான ஆதாரம் உள்ள வழிக்கு விளம்பரமே கிடையாது. 48 லாப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்து 2002-ல் வெளிவந்த ஆய்வில், 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் சராசரியாகச் சுமார் 1.8 வருஷம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குத் தாமதமாகத்தான். சோறும் மீனும் அள்ளி வைத்து வளர்க்கும் நமக்கு இது கசக்கும்.

அதனால, யாராவது ஸ்டெம் செல் ஊசியைப் பரிந்துரைத்தால் மூணு கேள்வி கேளுங்க. செல் எங்கிருந்து வருகிறது, அதில் உயிரோடு எத்தனை இருக்கும்? வெறும் ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வு உண்டா? பலனை எதை வைத்து அளப்பீங்க? ஊசி போடத் தீர்மானித்துவிட்டால், அதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நாய் நடப்பதை நாலைந்து வீடியோ எடுங்க. எது முன், எது பின் என்று சொல்லாமல், நாயைத் தெரியாத ஒருவரிடம் காட்டுங்க. அவர் ‘பின்’ வீடியோக்களைச் சரியாகப் பிரித்து எடுத்தால், உங்க ‘கொள்ளாம்’ வெறும் ஆசை இல்லை என்று நம்பக் கொஞ்சமாவது காரணம் இருக்கும்.