அச்சுறுத்தலும் அச்சச்சுவையும்: சிறுவர் அச்சக்கதைகள் குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

அச்சமூட்டும் கதைகளைச் சிறுவர் படிக்கலாமா என்னும் வினாவுக்குப் படிக்கலாம், படிக்கக்கூடாது என இரு விடைகள் கூறப்படுகின்றன. இரண்டும் அச்சத்தை ஒரே பொருளாகக் கொள்வதால் குறைபடுகின்றன. குழந்தையைப் பணியவைக்கப் பெரியவர் கையாளும் அச்சுறுத்தல் வேறு. கதைக்குள் துய்க்கப்படும் அச்சச்சுவை வேறு. தொல்காப்பியர் கூறும் அச்சத்தின் நிலைக்களன்களை அளவுகோலாகக் கொண்டு, பெரியாழ்வார் திருமொழி, பாரதியார், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் ஆகியோரின் பாடல்கள், வேதாளக் கதைகள், கிரிம் சகோதரர் தொகுப்பு ஆகியவற்றின் வழி இவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிறுவர் இலக்கியம், அச்சம், மெய்ப்பாடு, பூச்சாண்டி, வேதாளக் கதைகள், அம்புலிமாமா.

முன்னுரை

சிறுவர் இலக்கியம் பற்றிய உரையாடல்களில் அச்சக்கதைகள் இருவேறு நிலைகளில் வைத்துப் பேசப்படுகின்றன. அவை பிஞ்சு மனத்தில் மூடநம்பிக்கையையும் கோழைமையையும் விதைக்கின்றன என்பது ஒரு சாரார் கருத்து. அச்சத்தைக் கதையில் சந்தித்துப் பழகிய குழந்தை வாழ்வில் அதனை எதிர்கொள்ளும் என்பது மற்றொரு சாரார் கருத்து. இரண்டாம் கருத்துக்கு உளப்பகுப்பாய்வு நோக்கில் வலுச் சேர்த்தவர் புரூனோ பெத்தல்ஹைம். தேவதைக் கதைகள் குறித்த அவரது நூல் 1976ஆம் ஆண்டு வெளிவந்தது. கதைகளின் வரலாற்று மாற்றங்களைக் கருதாமல் அவற்றை நிலையான வடிவங்களாக அவர் கொண்டார் என்று 1984இல் வரலாற்றறிஞர் இராபர்ட் டார்ன்டன் மறுத்தார். ஆகவே உளவியல் கோட்பாடு ஒன்றை மட்டும் நம்பி இவ்வினாவுக்கு விடை காண இயலாது. கதைகளின் அமைப்பினுள் அச்சம் என்ன செய்கிறது என்பதை நோக்குவதே திறனாய்வின் பணி.

அச்சத்தின் நான்கு களங்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது தோன்றும் களங்கள் நான்கு எனக் கூறுகிறது. அவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. அணங்கு என்பது வருத்தும் தெய்வ ஆற்றலையும் பேய் முதலியவற்றையும் சுட்டும். உலகெங்கும் சிறுவருக்குச் சொல்லப்படும் அச்சக்கதைகளின் பெரும்பகுதி முதல் மூன்றனுள் அடங்கும். பேயும் சூனியக்காரியும் அணங்கு. ஓநாயும் புலியும் விலங்கு. கொள்ளையரும் பிள்ளை பிடிப்போரும் கள்வர்.

நான்காவதாகிய இறை இங்குத் தனித்து நோக்கத்தக்கது. தன்னை ஆள்வோனிடத்துத் தோன்றும் அச்சம் அது. குழந்தையின் உலகில் அதனை ஆள்வோர் பெற்றோரும் மூத்தோரும் ஆசிரியருமே ஆவர். முதல் மூன்று அச்சங்களும் வெளியிலிருந்து வருவன. நான்காவது வீட்டிற்குள் இருப்பது; அன்போடும் உணவோடும் பாதுகாப்போடும் கலந்து நிற்பது. எனவே அதனைக் குழந்தை பெயரிட்டுச் சொல்வது அரிது. அச்சக்கதைகள் பற்றிய விவாதம் இந்நான்காம் களத்தைப் பெரும்பாலும் காணாது கடந்துவிடுகிறது.

பூச்சாண்டி என்னும் கருவி

உண்ண மறுக்கும் குழந்தையிடமும் உறங்க மறுக்கும் குழந்தையிடமும் பூச்சாண்டி வருவதாகக் கூறுவது தமிழ்க் குடும்பங்களில் நெடுநாள் வழக்கு. இதனைக் கதை எனக் கொள்ள இயலாது. கதைக்குரிய தொடக்கமோ வளர்ச்சியோ முடிவோ இதற்கு இல்லை. நிபந்தனையும் தண்டனையும் மட்டுமே உண்டு. இதில் அஞ்சப்படுவது அணங்கு போலத் தோன்றினும், பணியக் கோருவது இறையே. பெரியவர் தம் ஆணையைத் தாமே இடாது, காணப்படாத ஓர் உருவின் வாயில் வைத்து இடுகிறார். பூச்சாண்டி என்பது அணங்கின் வேடம் பூண்ட இறையச்சம் எனலாம்.

அச்சமூட்டுதலைக் கண்டித்த சிந்தனையாளர் பலரும் இதனையே கண்டித்தனர். ஆங்கிலேய மெய்யியலார் ஜான் லாக் 1693இல் வெளியிட்ட கல்வி பற்றிய நூலில், பணியாளர்கள் பேய் பூதங்களின் பெயரைச் சொல்லிக் குழந்தைகளை அடக்கிவைக்கும் வழக்கத்தைக் கடிந்தார். புதிய ஆத்திசூடியின் முதற்கட்டளையாகப் பாரதியார் அச்சம் நீக்குதலை வைத்தார். பாரத ஜனங்களின் தற்கால நிலைமையைப் பாடும்போது, மரத்திலும் குளத்திலும் பேய் இருப்பதாக எண்ணி அஞ்சும் மக்களைக் கண்டு நொந்தார். அதே பாடல், படைவீரனையும் அதிகாரியையும் கண்டு நடுங்கும் மக்களையும் காட்டுகிறது. பேய்க்கு அஞ்சுதலும் அதிகாரத்திற்கு அஞ்சுதலும் அங்கு அடுத்தடுத்து வைக்கப்படுவது தற்செயலன்று. அணங்கச்சம் இறையச்சத்திற்குப் பயிற்சிக்களம் ஆவதை அப்பாடல் உணர்த்துகிறது.

1961இல் வெளிவந்த 'அரசிளங்குமரி' திரைப்படத்தில் சிறுவனை விளித்துப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய பாடலும் இவ்வழியிலேயே செல்கிறது. விளையாடச் செல்லும் சிறுவனிடம் மரத்தில் பேய் உண்டு எனச் சொல்லி அவன் வீரத்தை முளையிலேயே கிள்ளுவோரை அது சாடுகிறது. அங்கும் கண்டனத்திற்கு உள்ளாவது கற்பனையன்று. குழந்தையின் கால்களைக் கட்டிவைக்கும் நோக்கமே கண்டிக்கப்படுகிறது. ஆதலின், அச்சக்கதைகளே கூடா என்பார் இவ்விரு கவிஞரையும் தம் பக்கம் சேர்த்துக்கொள்வது முழுமையாகப் பொருந்தாது.

அச்சம் விளையாட்டாதல்

அச்சமூட்டுதலின் வேறொரு முகத்தைப் பெரியாழ்வார் திருமொழியில் காணலாம். அதன் இரண்டாம் பத்தின் முதல் திருமொழி, கண்ணன் அப்பூச்சி காட்டி விளையாடுவதைப் பாடுகிறது. அப்பூச்சி காட்டுதலாவது அச்சுறுத்தும் தோற்றம் காட்டி மருட்டும் விளையாட்டு. இங்கு மருட்டுவது குழந்தை, மருள்வோர் ஆய்ச்சியர். பூச்சாண்டி வழக்கில் பெரியவரிடம் இருந்த அதிகாரம் இவ்விளையாட்டில் குழந்தையின் கைக்கு மாறுகிறது.

இத்திருமொழியின் அமைப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. பாடல்தோறும் கண்ணனின் அருஞ்செயல்கள் முதலில் சொல்லப்படுகின்றன. அதன்பின்னரே அவன் மருட்டுவது கூறப்படுகிறது. மருட்டுபவன் யார் என்பதை மருள்வோர் நன்கு அறிவர், அறிந்தும் அலறுகின்றனர். அறிதலும் அஞ்சுதலும் ஒருங்கே நிகழும் இந்நிலையே அச்சம் சுவையாகும் நிலை. ஆணையோ தண்டனையோ இங்கில்லை. விளையாட்டை எந்நேரமும் நிறுத்தலாம். சிறுவர் கதை ஒன்றை மீண்டும் மீண்டும் கேட்டு, முடிவு தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

பேசச் சொல்லும் பேய்

அச்சக்கதை குழந்தைக்கு என்ன செய்யக்கூடும் என்பதற்கு வேதாளக் கதைகள் சிறந்த சான்று. சோமதேவரின் 11ஆம் நூற்றாண்டுக் கதாசரித்சாகரத்தில் இடம்பெறும் இக்கதைகள், தமிழ்ச் சிறுவரிடம் பரவலாகச் சென்று சேர்ந்தது அம்புலிமாமா இதழ் வழியாக. நாகிரெட்டி, சக்கரபாணி ஆகியோரின் முயற்சியில் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கப்பட்ட அவ்விதழ், மூலத்தில் உள்ள இருபத்தைந்து கதைகளோடு நில்லாது, அதே சட்டகத்திற்குள் புதிய கதைகளைப் பல ஆண்டுகள் வெளியிட்டது. சுடுகாடு, முருங்கை மரம், தோளில் தொங்கும் பிணம், உருவிய வாளுடன் நடக்கும் அரசன் என அச்சத்தின் அடையாளங்கள் அனைத்தும் இதழ்தோறும் மாறாமல் வந்தன. ஓவியர் சங்கரின் சித்திரம் அக்காட்சியைத் தலைமுறைகளின் நினைவில் பதித்தது. பிணத்தைச் சுமக்கும் அரசனின் உருவம் அச்சித்திரத்தில் சிறிதும் தளர்வதில்லை. காட்சியின் அச்சமும் அதனைத் தாங்கும் வலிமையும் ஒரே சட்டகத்திற்குள் இடம்பெறுகின்றன.

இக்கதைகளிலும் அச்சுறுத்தல் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது. விடை தெரிந்திருந்தும் அரசன் வாய் திறவாதிருந்தால் அவன் தலை வெடித்துச் சிதறும் என்கிறது வேதாளம். பூச்சாண்டியின் மிரட்டலோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பூச்சாண்டி 'பேசாதே' என்கிறது. வேதாளம் 'பேசு' என்கிறது. முன்னது கேள்வியை அடக்குகிறது. பின்னது கேள்வியோடு வருகிறது. மௌனம் காத்தால்தான் அரசனின் பணி முடியும். ஆயினும் அறிந்த நீதியை அவன் சொல்லியே ஆகவேண்டும். கதையில் யார் செய்தது சரி, யார் பெரியவர், யாருக்கு உரிமை என அரசனிடம் கேட்கப்படும் வினா படிக்கும் சிறுவனிடமும் கேட்கப்படுகிறது. அரசனின் விடையைப் படிக்குமுன் அவன் தன் விடையைத் தேடுகிறான். அரசனோடு மாறுபடவும் செய்கிறான். அச்சம் இங்குச் சிந்தனையின் வாயிலாகிறது.

மூலக்கதையின் முடிவு இதனினும் ஆழமானது. அரசனை இப்பணிக்கு ஏவிய துறவியே அவனைப் பலியிடக் காத்திருக்கிறான். அதனை அரசனுக்கு உணர்த்திக் காப்பது வேதாளம். அஞ்சத்தக்க தோற்றமுடையது துணையாகிறது. மதிக்கத்தக்க தோற்றமுடையவன் பகையாகிறான். அச்சமும் ஆபத்தும் ஒன்றல்ல என்னும் இத்தெளிவு, அறிந்த முகங்களாலும் தீங்கு நேரக்கூடிய உலகில் வாழும் குழந்தைக்கு இன்றியமையாதது. அச்சக்கதைகளை முற்றாக விலக்கும் வளர்ப்புமுறை குழந்தைக்கு இத்தெளிவை எங்ஙனம் வழங்கும் என்பது எண்ணத்தக்கது.

நீக்கப்பட்டதும் நீக்கப்படாததும்

கிரிம் சகோதரர் தொகுப்பின் பதிப்பு வரலாறும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1812இல் வெளிவந்த முதற்பதிப்பில், ஹான்சலையும் கிரெத்தலையும் காட்டில் விட்டுவரத் தூண்டுபவள் அவர்களைப் பெற்ற தாய். 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். குழந்தைகளைத் தின்னக் காத்திருக்கும் சூனியக்காரியோ, அவள் அடுப்பில் வெந்து மடிவதோ நீக்கப்படவில்லை. அணங்கச்சம் நிலைக்க, இறையச்சமே தொலைவிற்குத் தள்ளப்பட்டது. தாயாலேயே கைவிடப்படும் அச்சத்தைத் தாங்குவது சூனியக்காரியைத் தாங்குவதினும் கடினம் எனப் பதிப்பாளர் உணர்ந்ததாக இம்மாற்றத்தைக் கொள்ளலாம். சிறுவர் கசாப்புக்காரராக விளையாடி உயிர்ப்பலி நேரும் கதை 1819ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிலேயே விடப்பட்டது. அக்கதையில் மாயம் இல்லை, மீட்பு இல்லை, அச்சத்தை வெல்லும் வழியும் இல்லை. அதனை விட்டமை பொருத்தமானதே.

மறுப்பும் அதன் எல்லையும்

அச்சக்கதைகளால் தீங்கே இல்லை எனவும் கூறுதல் இயலாது. ஆங்கிலக் கட்டுரையாளர் சார்லஸ் லாம் 1821இல் எழுதிய கட்டுரையொன்றில், விவிலிய வரலாற்று நூலொன்றில் தாம் சிறுவயதில் கண்ட சூனியக்காரியின் படம் பல ஆண்டுகள் தம் இரவுகளை வருத்தியதைப் பதிவு செய்கிறார். எனினும், பேய் என்னும் சொல்லே கேளாமல் வளர்க்கப்பட்ட சிறுவன் ஒருவன் தன் எண்ணங்களிலிருந்தே அத்தகைய அச்சங்களைப் படைத்துக்கொண்டதையும் அவர் சுட்டுகிறார். நூல்கள் அச்சத்தைப் படைப்பதில்லை, அதற்கு ஒரு திசையையே தருகின்றன என்பது அவர் முடிபு.

இச்சான்று இருபக்கமும் வெட்டும். விலக்குவதால் அச்சம் ஒழிவதில்லை என்பது உண்மை. அதுபோன்றே, கதையின் போக்கிலிருந்து பிரிந்து தனித்து நிற்கும் ஒரு படம் முடிவின்றி வருத்தக்கூடும் என்பதும் உண்மை. லாமை வருத்தியது அப்படத்தினும் அதனோடு அவர் தனித்து விடப்பட்டமையே எனக் கொள்ள இடமுண்டு. வேதாளச் சித்திரத்தை ஒரு கதை தொடர்ந்து வந்து முடித்துவைத்தது. லாம் கண்ட படத்திற்கு அத்தகைய முடிவு அமையவில்லை. எனவே கதையைத் தேர்வதோடு பெரியவரின் கடமை முடிவதில்லை; உடனிருந்து கேட்பதும் கேட்கவிடுவதும் அக்கடமையின் பகுதியாகும்.

முடிவுரை

சிறுவர் அச்சக்கதைகளைப் படிக்கலாம். ஆனால் எல்லா அச்சமும் கதையாகாது. கதையில் வரும் அச்சத்தின் அளவைக் கொண்டு அதனை மதிப்பிடுவது போதாது. குழந்தையிடம் அக்கதை பணிவைக் கோருகிறதா, விடையைக் கோருகிறதா என்பது முதல் அளவுகோல். அச்சத்திலிருந்து வெளியேறும் வழி கதைக்குள் உள்ளதா என்பது இரண்டாவது. அச்சத்திற்கும் ஆபத்திற்கும் உள்ள வேறுபாட்டை அது உணர்த்துகிறதா என்பது மூன்றாவது. வேதாளக் கதைகள் இம்மூன்றிலும் தேறுகின்றன. பூச்சாண்டி மிரட்டல் மூன்றிலும் தவறுகிறது. நூலகத்தின் அலமாரியிலிருந்து பேய்க்கதையை அகற்றும் இல்லமும் பள்ளியும், தாம் நாள்தோறும் கையாளும் பூச்சாண்டியை முதலில் கைவிடுதல் வேண்டும். அச்சம் தவிர்த்த குழந்தையைப் பாரதி விரும்பினார். அத்தகைய குழந்தை உருவாக, வேதாளத்தின் வினாவுக்கு அது உரக்க விடை கூறிப் பழகவேண்டும்.