கடலுக்கு எத்தனை அடி என்பது கடைசிக் கேள்வி

சென்னையிலிருந்தோ சேலத்திலிருந்தோ புதுச்சேரிக்குக் கிளம்பும் குடும்பம் இன்று தங்குமிடத்தைத் தேடுவது கைப்பேசி வரைபடத்தில்தான். கடற்கரைக் கோட்டை ஒட்டி வாடகைத் தொகைகள் வரிசையாக மின்னுகின்றன. எது நீலத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறதோ அதன் மேல்தான் விரல் போகிறது. ஒயிட் டவுனில் அறை கிடைப்பதும் வண்டி நிறுத்துவதும் பெரும்பாடாகிவிட்ட பிறகு, தெற்கே சின்ன வீராம்பட்டினம் தொடங்கி நல்லவாடு, நரம்பை, மணப்பட்டு என்று நீளும் கரையோரத்தின் மேல் வெளியூர்க் குடும்பங்களின் கண் விழுந்திருக்கிறது. ஹோம்ஸ்டே, வில்லா, பீச் ஹவுஸ் என்று அதற்குப் பல பெயர்கள். 2021இல் சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது அந்த ஈர்ப்பைக் கூட்டியது.

படம், நட்சத்திரம், கடலுக்கு உள்ள தூரம். இந்த மூன்றையும் பார்த்து இடம் பிடிப்பதே இன்று வழக்கம். இந்த வழக்கத்தை ஒரேயடியாகப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முன்பெல்லாம் கடலோரக் குப்பத்தில் வெளியூர்க் குடும்பம் ஒன்று இரவு தங்க வேண்டுமென்றால் அங்கே உறவோ தெரிந்தவரோ இருக்க வேண்டும். ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்கு வருகிறவர்கள் உறவுக்காரர் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் பாய் விரித்துப் படுத்தார்கள். உறவில்லாதவர்கள் கடைசிப் பேருந்தைப் பிடித்து ஊர் திரும்பினார்கள். இன்று குளியலறை எப்படி, கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிறதா என்பதையெல்லாம் ஒரு பெண் வீட்டிலிருந்தே பார்த்துவிட முடிகிறது. ஏற்கெனவே தங்கிப்போன பெண்கள் எழுதியதைப் படிக்கவும் முடிகிறது. தரகரின் வாய்ச்சொல்லை நம்பிப் போய் ஏமாந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இரண்டு அறை மட்டுமே வைத்திருக்கும் வீட்டுக்காரர்கூட பெரிய விடுதிகளோடு ஒரே பட்டியலில் நிற்க முடிவதும் நல்லதுதான்.

ஆனால் அந்த மூன்று அளவைகளும் அறையை அளக்கின்றனவே தவிர, அறை நிற்கும் ஊரை அளப்பதில்லை. கோளாறு தொடங்குவது அங்கேதான்.

முதலில் தூரத்தையே எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கடற்கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்தைப் பெரும்பாலும் தடுக்கிறது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் நெருக்கமான ஊர்களில் மட்டும் இந்தத் தூரம் 50 மீட்டராகக் குறைகிறது. அந்தப் பட்டைக்குள் மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தங்கள் பழைய வீட்டின் அளவையும் முகப்பையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்கவைத்துக்கொள்ள அதே அறிவிக்கை இடம் தருகிறது. ஆகவே அலையிலிருந்து 30 மீட்டரில் நீச்சல்குளத்தோடு ஒரு புது மாளிகை விளம்பரத்தில் தெரிந்தால், அது எந்த அனுமதியில் எழுந்தது என்று கேட்டே ஆக வேண்டும். கடலுக்கு மிக நெருக்கமானதே சிறந்தது என்று தேடும் குடும்பம், தன்னை அறியாமலே, சட்டம் எதைத் தடுக்க நினைத்ததோ அதற்குக் காசு கொடுத்து வளர்க்கிறது.

அந்தத் தடை வெறும் காகித விதி என்று யாராவது நினைத்தால், புதுச்சேரிக் கரையே பதில் சொல்லும். இங்கே ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. வடக்கே நகரக் கடற்கரை மணலை இழந்து கருங்கல் குவியலானது. தெற்கே மணல் சேர்ந்தது. இன்று படத்தில் நாம் பார்த்து மயங்கும் அகலமான மணல்வெளியின் ஒரு பகுதி அந்தக் குறுக்கீட்டின் விளைவுதான். ஒரு கட்டுமானத்தால் வந்த மணல் இன்னொரு கட்டுமானத்தால் போகவும் கூடும். அதை நம்பி அலையோரத்தில் கட்டடம் எழுப்புவது கடலோர மக்கள் செய்யாத காரியம்.

இரண்டாவது அளவை நட்சத்திரம். விருந்தினர் கருத்துகளைப் படித்துக்கொண்டே போனால் சில புகார்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: மீன் வாடை அடித்தது, விடியுமுன்னே படகு இயந்திரச் சத்தம், கரை முழுக்க வலை, கோயில் ஒலிபெருக்கி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரம் குறைகிறது. கருவாடு காயும் மணலும் வலை பின்னும் நிழலும் அந்த ஊரின் தொழிற்களம். அதைக் குறையாகக் கணக்கிடும் மதிப்பீடு, ஊர் தன் தொழிலை ஒளித்துக்கொண்டால்தான் விருந்தினர் வருவார்கள் என்று சொல்லாமல் சொல்கிறது. வீட்டுக்காரர் என்ன செய்வார்? அடுத்த முறை பக்கத்து வீட்டாரிடம் வலையைத் தள்ளி விரிக்கச் சொல்வார். சண்டை அங்கே முளைக்கும். மீனவ வாழ்வைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம் என்று வந்துவிட்டு, அந்த வாழ்வின் வாடைக்கு மதிப்பெண் குறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பருவம் பற்றியும் நட்சத்திரத்துக்கு ஒன்றும் தெரியாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையும் அப்போதுதான். விசைப்படகுகள் கரையில் நிற்க, சிறிய ஃபைபர் படகுகள் கொண்டுவரும் மீன் மட்டுமே சந்தைக்கு வரும், விலையும் ஏறியிருக்கும். சுடச்சுட வஞ்சிரம் என்று விளம்பரத்தில் படித்துவிட்டு மே மாதம் வந்து வீட்டுக்காரரைக் கடிந்துகொள்வது நியாயமில்லை. அந்த மாதங்களில் வருகிறவர்கள் கிடைக்கிற சங்கராவையும் காரப்பொடியையும் குழம்பு வைத்துத் தரச் சொல்லிச் சாப்பிட்டால் அதுவே நல்ல சாப்பாடு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இரவில் அந்த வீட்டில் யார் இருக்கிறார்? மற்ற கேள்விகளெல்லாம் இதற்குப் பிறகுதான். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரைதான் வாடகைக்கு விடலாம். உரிமையாளரோ அவர் குடும்பமோ அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் ஹோம்ஸ்டே என்ற பெயரில் கிடைக்கும் இடங்களில், உரிமையாளர் வேறு ஊரில் இருக்க, சாவி பூட்டுப்பெட்டிக்குள் இருக்க, பகலில் கூட்டிப் பெருக்கும் அம்மா மட்டுமே வந்துபோகும் வீடுகளும் உண்டு. வார இறுதியில் மது விலையை எண்ணிப் புதுச்சேரிக்கு வரும் இளைஞர் கூட்டங்களுக்கு அவை வசதி. குழந்தையையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு அவை ஏற்றவை அல்ல. நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த மருந்துக்கடை திறந்திருக்கும், ஆட்டோ யாரிடம் இருக்கிறது என்று செயலியைக் கேட்டுப் பயனில்லை.

இதை வெறும் வசதிப் பிரச்சினையாக நான் பார்க்கவில்லை. உயிர்ப் பிரச்சினையாகவே பார்க்கிறேன், அதற்கு இந்தக் கரையிலேயே சான்று உண்டு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பைப் பதிவிறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போகலாமா என்பதை மீனவர்கள் அதைக் கேட்டும் முடிவு செய்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறக்குறைய 3,600 பேர் வாழ்ந்த ஊர் உயிரிழப்பில்லாமல் தப்பியது. உயிரைக் காத்தது கருவி மட்டும் அன்று. அறிவிப்பைக் கேட்ட மாத்திரத்தில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் ஊர். பூட்டுப்பெட்டிச் சாவியோடு தங்கியிருக்கும் விருந்தினரின் கதவைத் தட்ட யார் வருவார்? வீட்டுக்காரர் உள்ளே படுத்திருந்தால் அவர் தட்டுவார்.

இது அபூர்வமாக நடக்கிற ஒன்று என்று தள்ளிவிடவும் முடியாது. சுனாமி வந்தது டிசம்பர் 26. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 காலையில். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில், புதுச்சேரியில் அறைகள் நிரம்பி வழியும் வாரத்திலேயே இரண்டும் வந்தன.

அப்படியானால் கடலோரத்தை விட்டு உள்ளே தங்கலாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான், அதற்குப் பாகூரும் வில்லியனூரும் நல்ல பதில்கள். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த பாகூர்ப் பகுதியிலிருந்து மணப்பட்டுக் கரைக்குக் காரில் இருபது நிமிடம் போதும். தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நிறையும் ஏரி, சோழர் காலத்து மூலநாதர் கோயில், ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் மூன்று ஊர்களைக் கொடையாகப் பெற்ற வித்யாஸ்தானம் இருந்த ஊர் என்ற பெருமை. பிள்ளைகளுக்குக் காட்ட இங்கே கடலைவிடக் குறைவாக ஒன்றுமில்லை. வில்லியனூரில் ரயில் நிலையம் இருக்கிறது, திருக்காமீசுவரர் கோயில் இருக்கிறது, குளத்தோடு கூடிய லூர்து மாதா ஆலயம் இருக்கிறது. பறவைகள் சரணாலயமான ஊசுட்டேரியும் பக்கம். கடலோர ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்புக் கரிப்பு இல்லாமல் குளிக்கலாம். விடியற்காலையில் கரைக்குப் போய்ப் படகு வருவதைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். வயதானவர்களோடு வருகிற குடும்பத்துக்கு இதையே நான் முதலில் சொல்வேன். தங்குவதற்கான வீடுகள் அங்கே குறைவு, சாப்பாட்டுக்கு மெஸ்ஸைத் தேடிப் போக வேண்டியிருக்கும், இரவில் அலைச் சத்தம் கேட்காது. அதற்காகவே வந்தவர்களுக்கு அது பெரிய இழப்பு என்பதை நான் மறுக்கவில்லை.

உள்ளே போனால் ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் புகுந்தது. சங்கராபரணி வெள்ளம் வில்லியனூர்ப் பக்கத்தைச் சூழ்ந்தது. கடலுக்குப் பயந்து ஆற்றங்கரைக்குப் போனால் மழைக்காலத்தில் பயன் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறவர்கள் வீடு மேட்டிலா பள்ளத்திலா, போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்க வேண்டும். ஊரில் குடியிருக்கும் வீட்டுக்காரர் சுவரில் கைவைத்துக் காட்டுவார். ஒப்பந்தத்துக்கு எடுத்து நடத்தும் மேலாளருக்குப் பெரும்பாலும் தெரியாது.

வீட்டுக்காரரோடு ஒரே கூரையின் கீழ் தங்குவதிலும் சங்கடங்கள் உண்டு. சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த சிறிய வீடுகளில் விருந்தினருக்கு அறை ஒதுக்கினால் வீட்டுப் பிள்ளைகள் கூடத்தில் படுப்பார்கள். கழிவறை பொதுவாக இருக்கும். சைவக் குடும்பத்துக்குச் சமையல் தனியாக வேண்டும். மீனவர் வீட்டில் கை நனைக்கத் தயங்குகிற மனம் நம்மில் சிலருக்கு இன்னும் இருக்கிறது. அந்தத் தயக்கத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போவதைவிட விடுதிக்குப் போவதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. பிரான்சிலிருந்து ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு வரும் உறவினரையும் சேர்த்துத் தங்கவைப்பதானால் இன்னொரு வேலையும் இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அவர் வருகையை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அதைத் தானாகவே நினைவூட்டும் வீட்டுக்காரரை நம்பலாம்.

இவ்வளவையும் ஒரு குடும்பம் தனியே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது அரசின் குறை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006இல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011இல் முடிந்த பின், பத்தாண்டுகளுக்கு மேலாகியும் கொம்யூன் பஞ்சாயத்துகள் ஆணையர்களின் கையிலேயே இருந்துவருகின்றன. எந்தக் கடலோரத் தெருவில் எத்தனை விருந்தினர் வீடு தாங்கும், குப்பையையும் கழிவுநீரையும் யார் பொறுப்பேற்பது, எந்த மணலை வலைக்கும் படகுக்கும் விட்டுவைப்பது என்று பேசித் தீர்மானிக்க ஊர் தேர்ந்தெடுத்த உறுப்பினர் இல்லை. கோயில் பஞ்சாயத்தும் மீனவர் சங்கமும் தங்களால் இயன்றதைச் செய்கின்றன. உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் அவற்றின் கையில் இல்லை.

பாகூர், அரியாங்குப்பம், வில்லியனூர்க் கொம்யூன் அலுவலகங்களின் வாசலில், அனுமதி பெற்ற விருந்தினர் வீடுகளின் பட்டியலை ஒட்டிவைக்கப் பெரிய செலவு ஆகாது. உரிமையாளர் அங்கேயே வசிக்கிறாரா, வீடு உயர் அலைக் கோட்டிலிருந்து எத்தனை மீட்டரில் நிற்கிறது, வெள்ளம் வந்த தெருவா என்ற மூன்று பத்திகள் அதில் இருந்தால் போதும். சுற்றுலாத் துறை அதையே தன் இணையதளத்திலும் போடலாம். அது வரும்வரை, முன்பணம் அனுப்புமுன் வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, ராத்திரியில் நீங்கள் அந்த வீட்டில்தான் இருப்பீர்களா என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு வீடு பாருங்கள்.