மட்டைத் துண்டில் மூலகங்கள்

வீட்டிலேயே பிள்ளைகளுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுக்க விரும்பும் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் நான் முதலில் சொல்வது, பிஸ்கட் பெட்டி மட்டையில் வெட்டிய மூலக அட்டைகளைத்தான்.

சோடியம் அட்டையின் விளிம்பில் ஒரு நாக்கு, மக்னீசியத்துக்கு இரண்டு, அலுமினியத்துக்கு மூன்று. குளோரினுக்கு ஒரு வெட்டு, ஒட்சிசனுக்கு இரண்டு. நாக்கும் வெட்டும் மிச்சமின்றிப் பொருந்தினால் அது ஒரு சேர்வை. அலுமினியத்தோடு ஒட்சிசனைச் சேர்க்கும்போது பிள்ளை திணறும். அந்தத் திணறல்தான் அழகு. "ராத்தா, இன்னும் ஒரு ஒட்சிசன் தாங்க" என்று கேட்டு, இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஒட்சிசன் என்று அடுக்கி முடித்த பிள்ளைக்குச் சூத்திரத்தை மனனம் செய்யும் தேவையே இல்லை.

ஆவர்த்தன அட்டவணையை அமைத்த இரசாயனவியலாளர் மெண்டலீவும் 1869இல், அன்று அறிந்திருந்த 63 மூலகங்களை அடுக்கியபோது பொருந்தாத இடங்களை வெறுமையாக விட்டார். 1875இல் கண்டுபிடிக்கப்பட்ட கல்லியம் அதில் ஒன்றை நிரப்பியது.

சின்னப் பிள்ளைகளுக்கு வெற்றிலை வட்டாவே போதும். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும். தேசிக்காய்ச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிடாமல் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடையில் வாங்குவதானாலும் ஒன்றைப் பாருங்கள்: விளையாட்டின் விதியே இரசாயனத்தின் விதியாக இருக்கிறதா? தாயம் உருட்டிக் கேள்விக்குப் பதில் சொல்லும் பலகை, பரீட்சைக்கு இன்னொரு பெயர்தான். அதை விட்டுவிட்டு, ஒரு மட்டையும் கத்தரிக்கோலும் எடுங்கள்.