எச்09: ஒரு பிசகை மட்டும் காணும் எதிர்ப்பொருள்

மூளைக் கட்டிகளை ஆராயும் ஆய்வகங்களில் எச்09 என்ற மோனோகுளோனல் எதிர்ப்பொருளுக்குத் தனி மதிப்பு உண்டு. ஐடிஎச்1 என்ற மனித நொதியில் குறிப்பிட்ட ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தால் மட்டும் இது பற்றிக்கொள்ளும். மாறாத நொதியைத் தொடாது. தொடாமல் விலகி நிற்கும் அந்தக் குணத்தில்தான் இதன் அழகு இருக்கிறது.

ஐசோசிட்ரேட் டிஹைட்ரஜனேஸ் 1 என்பது நொதியின் முழுப் பெயர். 414 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி இது. ஐசோசிட்ரேட்டை ஆல்பா-கீட்டோகுளுட்டரேட்டாக மாற்றுவது இதன் வேலை. சில கிளியோமா கட்டிகளில் இதன் 132ஆம் இடம் மாறியிருப்பது 2008-இல் தெரியவந்தது. பெரும்பாலும் அங்கே ஆர்ஜினின் போய் ஹிஸ்டிடின் வந்திருந்தது. மத்யமம் ஒன்று மாறியதும் சங்கராபரணம் கல்யாணி ஆகிவிடுவதுபோல, இந்த ஒரு மாற்றத்தால் நொதியின் போக்கே வேறாகிறது: 2-ஹைட்ராக்சிகுளுட்டரேட் என்ற பொருளை அது செல்லுக்குள் குவிக்கத் தொடங்குகிறது.

மறு ஆண்டே, 2009-இல், ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஆண்ட்ரியாஸ் ஃபான் டைம்லிங், ஹன்ஸ்வால்டர் சென்ட்கிராஃப் ஆகியோரின் குழு எச்09-ஐ வெளியிட்டது. செய்முறை 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டது. 1984-இல் நோபல் பரிசு பெற்றது. எலிக்கு இலக்குப் பொருளைச் செலுத்தி, அதன் மண்ணீரலின் பி செல்களைச் சாகாத மைலோமா செல்களோடு இணைப்பார்கள். அப்படிப் பிறக்கும் கலப்புச் செல் ஒவ்வொன்றும் ஒரேவகை எதிர்ப்பொருளைச் சுரக்கும். கலை இருப்பது தேர்வில். மாற்றத்தின் இருபுறமும் உள்ள வரிசை இரு நொதிகளுக்கும் பொது என்பதால், இரண்டையும் பற்றுபவை எளிதில் கிடைத்துவிடும். அவற்றையெல்லாம் கழித்து, மாறியதை மட்டும் பற்றும் ஒன்றைப் பிரித்தெடுக்க வேண்டும்.

மூளைக் கட்டிகளைப் பார்க்கும் பெரிய நோயியல் கூடங்களில் இன்று எச்09 சோதனை வழக்கமானது. ஃபார்மலினில் பதப்படுத்திப் பாரஃபின் மெழுகில் பதித்த திசுவை மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். சூடேற்றி, மறைந்த புரதப் பகுதிகளை வெளிக்கொணர்ந்தபின் எச்09-ஐ இடுகிறார்கள். அதன்மேல் ஏறும் இரண்டாம் எதிர்ப்பொருள் ஹார்ஸ்ராடிஷ் கிழங்கின் பெராக்சிடேஸ் நொதியைச் சுமந்துவரும். அந்த நொதி டிஏபி என்ற சாயப்பொருளைப் பழுப்பாக்கும். ஒரு நொதியைக் காட்டிக்கொடுப்பது இன்னொரு நொதி.

நல்ல ஸ்லைடில் கட்டிச் செல்களின் சைட்டோபிளாசம் அழுத்தமான பழுப்பாகத் தெரியும். ரத்தக் குழாய்ச் சுவரின் செல்கள் ஹெமட்டாக்சிலினின் நீலத்திலேயே நிற்கும். சாயமேற்றல் சரியாக நடந்ததற்கு அவையே சாட்சி. இயல்பான மூளைத் திசுவுக்குள் தனியாக ஊடுருவிய ஒற்றைக் கட்டிச் செல்லும் அகப்பட்டுவிடும். காயத்தால் பெருகிய கிளியா செல்களா, கட்டியா என்று சாதாரணச் சாயத்தில் தடுமாறும் இடத்தில் இதன் பயன் பெரிது. பின்னணியில் நார்நாராகப் பரவும் மங்கல் பழுப்பைத் தேர்ந்த கண் கணக்கில் எடுக்காது.

இந்தக் கூர்மையே எல்லையும் ஆகிறது. 132ஆம் இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் சிஸ்டீனோ செரினோ வந்திருந்தால் எச்09-க்கு அது தெரியாது. ஐடிஎச்2 நொதியின் மாற்றங்களும் தெரியாது. கிளியோமாக்களில் காணும் ஐடிஎச் மாற்றங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஹிஸ்டிடின் வகை என்பதால் முதல் சோதனையாக இது போதும். பழுப்பு தெரிந்தால் மாற்றம் உண்டு என்று கொள்ளலாம். தெரியாவிட்டால் இல்லை என்று முடித்துவிட முடியாது. அதனால் கிளியோபிளாஸ்டோமா போலத் தோன்றும் கட்டியில், நோயாளி 55 வயதுக்குக் கீழே இருந்து எச்09 எதையும் காட்டாவிட்டால், மரபணு வரிசையைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது 2021-இன் உலக சுகாதார நிறுவன வகைப்பாடு சொல்லும் நெறி.