ஆப்பிளுக்குள் பிளேடு: ஒரு வழக்காற்றின் மொழி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அக்டோபர் 31ஆம் நாள் ஹாலோவீன் விழாவின்போது சிறுவர்கள் வேடமிட்டு வீடுவீடாகச் சென்று இனிப்புப் பெறுவர். முன்பின் அறியாதோர் அவ்வினிப்பில் நஞ்சு கலந்தும் ஆப்பிளுக்குள் பிளேடு வைத்தும் கொடுக்கின்றனர் என்னும் பேச்சு 1960களிலிருந்து அங்கு வழங்கி வருகிறது. இது குறித்து ஜோயல் பெஸ்ட், ஜெரால்டு ஹோரியூச்சி இருவரும் 1985இல் எழுதிய கட்டுரை சமூகவியலாரிடையே பெயர்பெற்றது. 1958 முதல் 1984 வரையிலான நாளிதழ்ச் செய்திகளில் கூறப்பட்ட 76 நிகழ்ச்சிகளை அவர்கள் ஆராய்ந்தனர். அந்நியர் கொடுத்த இனிப்பால் குழந்தை இறந்ததாக உறுதிப்பட்ட நிகழ்ச்சி ஒன்றேனும் அவற்றுள் இல்லை. இம்முடிவு வலுவானதே. எனினும் செய்திகளை எண்ணியவர்கள், அவற்றின் வினைமுற்றுகளைப் போதிய அளவு நோக்கினார்களல்லர்.

1970 அக்டோபர் இறுதியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட எச்சரிக்கைக் கட்டுரையில் அச்சமூட்டும் பகுதி 'மே' என்னும் துணைவினையின்மேல் நிற்கிறது. நிகழக்கூடியதே அங்குச் சொல்லப்படுகிறது. அடுத்த சில நாள்களில் டெட்ராய்ட்டில் ஐந்து வயதுச் சிறுவன் ஹெராயினால் இறந்தபோது இனிப்பின்மேல் பழி விழுந்தது. அப்போதைப்பொருள் உறவினர் வீட்டிலிருந்தது என்பது பின்னரே தெரிந்தது. 'கூடும்' என்பது 'நிகழ்ந்தது' ஆவதற்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு இவ்விடத்தில்தான் சிக்கல் எழுகிறது. ஆங்கில இறந்தகால வினை, கூறுவோன் கண்டதையும் கேட்டதையும் ஒரே வடிவில் தரும்; இக்கதையின் வலிமை அதனுள் அடங்கியிருக்கிறது. தமிழில் 'பிளேடு இருந்ததாம்' என்றால் கேள்விச் செய்தி என்பது உடனே புலப்பட்டு, கதை பாதி வலுவிழக்கும். 'இருந்தது' என்றாலோ மொழிபெயர்ப்பாளரே சான்றாளராகிவிடுகிறார். பேச்சுத் தமிழில் இயல்பான '-ஆம்' எழுத்துத் தமிழின் செய்தி நடையில் அருகிவிட்டது என்பதும் இங்குக் கருதத்தக்கது. வினைதோறும் முடிவெடுப்பதன்றி வேறு வழியில்லை.

கலைச்சொல்லும் இடர் தருகிறது. லெஜன்ட் என்பதற்குத் தமிழ் நாட்டுப்புறவியலார் ஆளும் 'பழமரபுக் கதை', சென்ற ஆண்டு அடுத்த தெருவில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்றுக்குப் பொருந்தாது. 'வதந்தி' என்பது கதையமைப்பை விட்டுவிடுகிறது. 'நகர்ப்புற வழக்குக் கதை' எனலாம். அழகான தொடரன்று, ஆயினும் பொய் சொல்லாத தொடர்.

பெஸ்ட், ஹோரியூச்சி வகைப்பாட்டின் பெருங்குறை 1974ஆம் ஆண்டு டெக்சாஸ் வழக்கில் தெரிகிறது. ரொனால்டு ஓபிரையன் என்பவர் காப்பீட்டுப் பணத்திற்காகத் தம் எட்டு வயது மகனுக்கு இனிப்புத் தூளில் சயனைடு கலந்து கொடுத்துக் கொன்றார். 1984இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கொன்றவர் அந்நியர் அல்லர் என்பதால் இவ்வழக்கு அவர்கள் கணக்கிலிருந்து கழிகிறது. மொழியியல் நோக்கில் இதுவே முதன்மைச் சான்று. ஊரார் நாவில் அக்கதை இருந்தமையால்தான், இனிப்பு ஏதோ ஒரு வீட்டில் கிடைத்தது என்று அவர் கூற முடிந்தது. கதையைச் செயலாக நடத்துவதை லிண்டா டேக், ஆண்ட்ரூ வாஷோன்யி இருவரும் 1983இல் 'ஆஸ்டென்ஷன்' என்னும் சொல்லால் விளக்கினர். தமிழில் 'சுட்டல்' என்றால் சுட்டுப்பெயரோடு மயங்கும். 'நிகழ்த்திக் காட்டல்' என்பது ஏற்புடையது.